குலுக்கலில் பெயர் கிடைத்த ஊர்

மும்பையிலிருந்து சென்னை வண்டியில் ஊருக்குப் போகும் நம் குடும்பங்களுக்கு கர்ஜத் என்றதும் நினைவுக்கு வருவது பிளாட்பாரத்துச் சூடான வடை. ஆனால் வண்டி அங்கே வடைக்காக நிற்பதில்லை. பின்னால் பாங்கர் இஞ்சின்கள் வந்து சேர்வதற்காக நிற்கிறது. கர்ஜத்தைத் தாண்டினால் போர் காட் மலையேற்றம். 1863-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் வண்டி 1,831 அடி உயரம் ஏற வேண்டும். மிகச் செங்குத்தான இடங்களில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். முன்னால் இருக்கும் இஞ்சினால் மட்டும் இழுக்க முடியாது. பின்னாலிருந்து தள்ளவும் ஆள் வேண்டும். லோணாவ்லா வந்ததும் பாங்கர்கள் கழன்றுகொள்ளும். பயணிகளில் பாதிப்பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

இதே வேலைக்காகவே பிறந்து, இந்த வேலை போனதும் இல்லாமல் போன ஒரு ஊரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊரின் பெயர் கெல்சோ. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மொஹாவி பாலைவனத்தின் நடுவில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போனபோது, எல்லோரையும் போல எங்களையும் காரில் லாஸ் வேகாஸுக்கு அழைத்துப் போனான். வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் பெருஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பி 35 மைல் போனால் கெல்சோ. "அங்கே என்னப்பா இருக்கிறது?" என்று மகன் கேட்டான். "பாங்கர் ஸ்டேஷன் ஒன்று இருந்தது" என்றேன். அவன் முகம் போன போக்கை எழுத வேண்டியதில்லை.

முதலில் ஒரு விளக்கம். நம் நாட்டில் எவ்வளவு சிறிய கிராமமானாலும் ஏதாவது ஒரு ஊராட்சியில் அடங்கிவிடும். தலைவர், உறுப்பினர், தேர்தல் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் அப்படி இல்லை. ஓர் ஊரார் தாங்களாகவே முன்வந்து, சட்டப்படி விண்ணப்பித்து, வாக்களித்தால்தான் அது நகராட்சி ஆகும். இல்லாவிட்டால் அது வெறும் ஊர்ப்பெயர்தான். மேயர் கிடையாது, மன்றம் கிடையாது, ஊருக்கென்று சட்டப்படியான எல்லைகூடக் கிடையாது. சாலை, போலீஸ், நிலப்பதிவு எல்லாவற்றையும் கவுன்டி என்ற மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். இப்படி நகராட்சி பெறாத ஊர்கள் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கெல்சோ அவற்றில் ஒன்று. அது அடங்கிய சான் பெர்னார்டினோ கவுன்டி ஏறக்குறைய 52,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் பஞ்சாப் மாநிலத்தைவிடச் சற்றுப் பெரியது! அதன் பாலைவன மூலையில் இருக்கும் ஒரு ரயில்வே காலனியின் குரல் தலைமையிடத்தில் எவ்வளவு கேட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கெல்சோவைப் பெற்றது ஒரு ரயில் பாதை. மான்டானா மாநிலத்தில் செம்புச் சுரங்கங்களால் பெரும் செல்வரான செனட்டர் வில்லியம் கிளார்க், சால்ட் லேக் நகரத்தையும் லாஸ் ஏஞ்சலிஸையும் இணைக்கப் பாதை போட்டார். யூனியன் பசிபிக் கம்பெனி அதில் பங்காளியாகச் சேர்ந்தது. 1905 ஜனவரியில் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் ஒன்று சேர்ந்தன. 1921-இல் பாதை முழுவதும் யூனியன் பசிபிக் வசமாயிற்று. அந்த நாளில் நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர்தான் உயிர். பாலைவனத்தில் ஊற்று எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஸ்டேஷன். இந்தப் பாதையில் அப்படித் தண்ணீர் கிடைத்த இடங்களில் ஒன்று கெல்சோ. இன்னொன்று லாஸ் வேகாஸ்! 1905 மே 15-ஆம் தேதி ரயில்வே கம்பெனி அங்கே மனைகளை ஏலம் விட்டது. அதுவே இன்றைய லாஸ் வேகாஸ் நகரத்தின் தொடக்கம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. தொடக்கத்தில் அந்த இடத்துக்குப் பெயரே இல்லை. 16-ஆம் எண் சைடிங், அவ்வளவுதான். பெயர் வேண்டும் என்று வந்தபோது, கிடங்கில் வேலை பார்த்த இருவர் தங்கள் பெயர்களையும், அங்கே முன்பு வேலை பார்த்த ஜான் கெல்சோ என்பவரின் பெயரையும் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்களாம். வந்தது கெல்சோ. அந்த மனிதரோ அதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். போய்விட்டவர் பெயரைத் தாங்கியே அந்த ஊர் வாழத் தொடங்கியது.

இனி கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ள வேண்டும், டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் இஞ்சின்களோடு காலம் கழித்தவனுக்கு இதைச் சொல்லாமல் போக மனம் வராது. கெல்சோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 அடி. கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் சீமா சுமார் 4,200 அடி. சீமா என்றால் ஸ்பானிய மொழியில் சிகரம். நூறு அடிக்கு 2.2 அடி ஏற்றம். நம் முறையில் சொன்னால் 45 அடிக்கு ஓர் அடி. போர் காட் அளவுக்குச் செங்குத்து இல்லை. ஆனால் இளைப்பாற இடமில்லாமல் 30 கிலோமீட்டர் தொடர்ந்து ஏற வேண்டும். இந்த ஏற்றத்தில் ஒரு டன் எடையுள்ள பெட்டியைப் பூமி 22 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கிறது. ஆயிரம் டன் வண்டி என்றால் 22 டன். சக்கர உராய்வு, வளைவு, காற்று எல்லாம் இதற்கு மேல். சமதரையில் ஓர் இஞ்சின் அனாயாசமாக இழுத்து வந்த வண்டி இங்கே வந்ததும் முனகி நின்றுவிடும்.

ஆகவே கிழக்கே போகும் கனமான வண்டிகள் எல்லாம் கெல்சோவில் நின்றன. உதவி இஞ்சின் மாட்டினார்கள். இரண்டு இஞ்சின்களுக்கும் தண்ணீர் நிரப்பினார்கள். மலையேறி சீமா போனதும் உதவி இஞ்சின் கழன்று, வெறும் இஞ்சினாக இறங்கித் திரும்பும். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். இரவும் பகலும் இதே வேலை. இதற்கு டிரைவர், ஃபயர்மேன், ஃபிட்டர், தண்ணீர் பம்ப் பார்ப்பவர், தந்திக்காரர், பாதை பார்க்கும் கேங்மேன் என்று எத்தனை பேர் வேண்டும்! அவர்களுக்கு வீடு, அவர்கள் குடும்பத்துக்குக் கடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஊருக்குத் தபாலாபீஸ். ஏற்றமும் தண்ணீரும் நீராவியும் சேர்ந்து பெற்ற ஊர் இது. இந்த மூன்றில் எது விலகினாலும் ஊருக்கு ஆதாரமில்லை.

தென்மேற்கு அமெரிக்காவின் ரயில் பாதைகளில் கேங்மேன் வேலைக்கு மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள்தான் பெருமளவில் சேர்க்கப்பட்டார்கள். நூறு டிகிரியைத் தாண்டும் வெயிலில் தண்டவாளத்தைத் தொட்டு வேலை செய்தவர்கள் அவர்கள். டிரைவர்கள் ஓர் இரவு தங்கிவிட்டு வண்டி மாறிப் போவார்கள். கேங்மேன் குடும்பங்களுக்கோ அதுதான் ஊர். நம் ரயில்வே காலனிகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

1924-இல் கம்பெனி அங்கே ஒரு புது ஸ்டேஷன் கட்டடத்தைத் திறந்தது. அந்தப் பொட்டல் வெளியில் அதைப் பார்ப்பவர்கள் ஒரு கணம் மயங்கித்தான் போவார்கள். இரண்டு மாடி, வளைவுத் தாழ்வாரங்கள், ஓட்டுக்கூரை. பழைய ஸ்பானியப் பாதிரிமார் மடங்களின் பாணி. சுற்றிலும் புல்தரையும் மரங்களும் வைத்தார்கள். இவ்வளவு ஆடம்பரம் எதற்கு? போட்டிதான் காரணம். தெற்கே இன்னொரு பாதையில் ஓடிய சாந்தா ஃபே கம்பெனியின் ஸ்டேஷன்களில் ஃபிரெட் ஹார்வி நிறுவனத்தாரின் உணவகங்கள் நாடெங்கும் புகழ் பெற்றிருந்தன. நல்ல சாப்பாட்டுக்காகவே பயணிகள் அந்தப் பாதையைத் தேடிப் போனார்கள். யூனியன் பசிபிக் தன் பயணிகளை இழக்க விரும்பவில்லை.

ஆனால் கட்டடத்தின் உண்மையான எஜமானர்கள் ரயில் ஊழியர்களே. உள்ளே தந்தி அறை, சாமான் அறை, ஊழியர்கள் படுத்து எழ அறைகள், பில்லியர்ட்ஸ் அறை, நூலகம், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் உணவுக்கூடம். இந்த உணவுக்கூடத்துக்கு ஊழியர்கள் வைத்த பெயர் "பீனரி", அதாவது மொச்சைக்கொட்டைக் கடை! அமெரிக்க ரயில்வே பேச்சுவழக்கில் எல்லா ஊழியர் சாப்பாட்டுக் கடைக்கும் அதுதான் பெயர். நம் ரன்னிங் ரூம் சாம்பாரைப் பற்றி நம்மவர்கள் பேசாத பேச்சா? உலகம் முழுவதும் ரயில்காரன் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. நடுநிசியில் மலையிறங்கி வந்தவனுக்குச் சூடாக ஏதாவது கிடைத்தால் போதும். குறை சொல்வது மறுநாள் காலையில்தான்.

ஊரின் பொற்காலம் இரண்டாவது உலகப்போர். பசிபிக் போருக்குக் கப்பல் கட்ட எஃகு வேண்டியிருந்தது. ஹென்றி கைசர் என்ற தொழிலதிபர் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே ஃபான்டானாவில் எஃகு ஆலை நிறுவினார். அதற்கு இரும்புத்தாது கெல்சோவை ஒட்டிய பிராவிடன்ஸ் மலையில், வல்கன் சுரங்கத்தில் கிடைத்தது. 1942 முதல் லாரிகள் தாதுவைக் கெல்சோவுக்குக் கொண்டுவந்து கொட்டின. அங்கிருந்து ரயிலில் ஃபான்டானா போயிற்று. துருப்பு வண்டிகளும் தளவாட வண்டிகளும் வேறு. சில நூறு பேர் இருந்த இடத்தில் ஏறக்குறைய 2,000 பேர் வரை குடியேறினார்கள் என்கிறார்கள்.

ஆள் சேர்ந்தால் தகராறும் சேரும். நாற்பதுகளின் நடுவில் ஊருக்கு ஒரு சிறைச்சாலை வந்தது. சிறைச்சாலை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரும்புப் பட்டைகளால் ஆன இரண்டு கூண்டுகள், அவ்வளவுதான். குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவரை ஓரிரண்டு இரவு அதில் அடைத்து வைத்து, தெளிந்ததும் அனுப்பிவிடுவார்கள். பாலைவன வெயிலில் இரும்புக் கூண்டு! போதை தெளிய வேறு மருந்து தேவைப்பட்டிருக்காது. அந்தக் கூண்டை ஸ்டேஷன் கட்டடத்துக்கு அருகில் இன்றும் வைத்திருக்கிறார்கள். என் பேரன் உள்ளே நின்று படம் எடுத்துக்கொண்டான்.

போர் முடிந்து ஓரிரண்டு ஆண்டுகளில் சுரங்கம் மூடப்பட்டது. அது முதல் அடி. இரண்டாவது அடி டீசல்.

நீராவி போய் டீசல் வந்ததை நாங்கள் முன்னேற்றம் என்றே கொண்டாடினோம். அது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஸ்டேஷனின் கண்ணிலிருந்து அதைப் பாருங்கள். டீசல் இஞ்சினுக்கு வழியில் தண்ணீர் வேண்டாம். குளிர்விக்கும் தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாலைந்து இஞ்சின்களை ஒன்றாகக் கோத்து ஒரே டிரைவர் ஓட்டலாம். ஆகவே ஏற்றத்துக்குமுன் நிற்க வேண்டாம், தண்ணீர் பிடிக்க வேண்டாம், சாம்பல் தட்ட வேண்டாம், ஃபயர்மேன் வேண்டாம். போருக்குப் பின் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கெல்சோவின் தண்ணீரும் தேவைப்படவில்லை, உதவி இஞ்சினும் தேவைப்படவில்லை. ஏற்றம் மட்டும் மாறாமல் இருந்தது. ஒவ்வொரு குடும்பமாக மாற்றல் உத்தரவு வந்தது. கடையும் பள்ளியும் தபாலாபீஸும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

அந்த ஏற்றம் சும்மா இருந்துவிடவில்லை. 1980 நவம்பர் 17 அன்று, மரத்தாலான ஸ்லீப்பர் கட்டைகளை ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று ஒற்றை இஞ்சினுடன் சீமாவிலிருந்து இறங்கியது. கட்டைகளின் எடையைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். சரிவில் பிரேக் தாங்கவில்லை. வேகம் மணிக்கு நூறு மைலைத் தாண்டிற்று. முன்னால் போய்க்கொண்டிருந்த இன்னொரு சரக்கு வண்டி தப்பிப்பதற்காகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஓடியது, பயனில்லை. கெல்சோ அருகே மோதியது. மூன்று ஊழியர்கள் மாண்டார்கள். பிரேக் பவர் சான்றிதழில் எடையைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஓதியதன் பொருள் இதுதான். இறக்கத்தில் ஒவ்வொரு டன்னும் கடன்காரன்.

1985-இல் பீனரியும் மூடியது. கம்பெனிக்கு அந்தக் கட்டடத்தால் இனி எந்த வேலையும் இல்லை. இடித்துவிடத் தீர்மானித்தார்கள்.

இங்கேதான் நகராட்சி பெறாத ஊர் என்பதன் உண்மையான பொருள் தெரிகிறது. இடிக்காதே என்று தீர்மானம் போட மன்றம் இல்லை. வழக்குத் தொடுக்க மேயர் இல்லை. வீடு, தண்ணீர், வேலை, சாப்பாடு எல்லாம் எண்பது ஆண்டுகள் கம்பெனி தந்தது. அதனால் கம்பெனியிடம் கேள்வி கேட்க ஊருக்கென்று ஓர் அமைப்பே உருவாகவில்லை. அக்கா லாஸ் வேகாஸின் கதை வேறு. அங்கே மனைகள் தனியார் கைக்குப் போயின. 1911-இல் ஊரார் நகராட்சி பெற்றார்கள். 1922 வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்கிருந்த ரயில்வே பணிமனையைக் கம்பெனி வேறிடத்துக்கு மாற்றியபோது அந்த ஊருக்கும் பலத்த அடி விழுந்தது. ஆனாலும் ஊர் கலையவில்லை. 1931-இல் ஹூவர் அணைக்கட்டு வேலை தொடங்கியது. அதே ஆண்டு நெவாடாவில் சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. மன்றம் இருந்ததால்தான் லாஸ் வேகாஸ் பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன்; அணையும் சூதாட்டமும் பிழைக்க வைத்தன. ஆனால் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியபோது திறப்பதற்கு அங்கே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். கெல்சோவில் இருந்தவர்கள் எல்லோரும் குவார்ட்டர்ஸ்காரர்கள்.

கட்டடத்தைக் காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? பாலைவனத்தில் அங்கங்கே சிதறி வாழ்ந்தவர்களும், ரயில்மேல் பற்றுக் கொண்டவர்களும், முன்பு அங்கே வேலை பார்த்தவர்களும். குழு அமைத்து, மனுக் கொடுத்து, நிதி திரட்டி, இடிப்பதைத் தள்ளிப்போட வைத்தார்கள். 1992-இல் கட்டடம் மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்கு வந்தது. 1994-இல் சுற்றியுள்ள பாலைவனம் மொஹாவி தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கட்டடமும் தேசியப் பூங்காத் துறையிடம் போயிற்று. பழையபடி புதுப்பித்து 2005-இல் பார்வையாளர் மையமாகத் திறந்தார்கள். தந்தி அறையும் ஊழியர் படுக்கையறையும் சாப்பாட்டுக் கவுன்டரும் இருபதுகளில் இருந்தபடியே அமைக்கப்பட்டன. கட்டடம் பிழைத்தது; ஊர் பிழைக்கவில்லை.

நம் பக்கத்திலும் இதெல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மும்பைப் பகுதியின் டி.சி. மின்பாதைகள் 2016-க்குள் ஏ.சி.க்கு மாறிவிட்டன. இஞ்சின் மாற்றுவதற்காக இகத்புரியில் வண்டிகள் நின்ற காலம் முடிந்தது. 2019-இல் தொடங்கிய நாசிக் வழி ராஜதானி, முன்னும் பின்னும் இஞ்சினுடன், கசாராவில் பாங்கருக்குக் காத்திராமல் மலையேறும்படி இயக்கப்பட்டது. இகத்புரிக்கும் கர்ஜத்துக்கும் நெடுஞ்சாலை இருக்கிறது, நகராட்சி இருக்கிறது, பங்களா கட்டுவோர் இருக்கிறார்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மீட்டர் கேஜ் போனதும், நீராவி ஷெட் மூடியதும் காலியான சிறிய ஜங்ஷன் காலனிகளை நினைத்துப் பாருங்கள். நம் சங்கத்தில் எத்தனை பேர் அப்படி ஒரு காலனியில் பிறந்தவர்கள்! சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், தாத்தா பிறந்த கிராமத்தின் பெயரைச் சொல்கிறார்கள். தாங்கள் ஓடி விளையாடிய இடத்தைச் சொல்வதில்லை. அந்த இடத்துக்குத் தபால் பின்கோடுகூட மாறிப்போயிருக்கும். அங்கே வாழ்ந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி வைத்தால் நம் மலரிலேயே வெளியிடலாம் என்பது என் யோசனை. எந்த ஷெட்டில் எத்தனை இஞ்சின், எந்த மரத்தடியில் நவராத்திரிக் கச்சேரி, யார் வீட்டில் முதல் ரேடியோ. இதெல்லாம் கெஜட்டில் வராது.

கலிபோர்னியாவில் பிள்ளைகள் இருக்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். கெல்சோவில் கடையோ பெட்ரோல் பங்க்கோ கிடையாது. பேக்கரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளவும். ஒவ்வொருவருக்கும் போதுமான குடிதண்ணீரைக் கையோடு எடுத்துப் போகவும். கோடையில் போகவே வேண்டாம். கட்டட வேலைக்காக மையத்தை நீண்ட நாள் மூடி வைப்பதும் உண்டு. ஆகவே திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்கவும். மூடியிருந்தாலும் கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கலாம், சிறைக்கூண்டைப் பார்க்கலாம். சிறிது தூரத்தில் சுமார் 650 அடி உயர மணல்மேடுகள் இருக்கின்றன. மணல் சரியும்போது உறுமுவதுபோல ஓசை எழும். பேரப்பிள்ளைகள் அதற்காகவாவது வருவார்கள். எதிரே உள்ள பாதையில் சரக்கு வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஒன்று ஏறுவதைப் பார்க்கும் வரை காத்திருங்கள். முன்னால் மட்டுமின்றி வண்டியின் கடைசியிலும், சில வண்டிகளில் நடுவிலும் ஆளில்லாத இஞ்சின்கள் ரேடியோவின் கட்டளைப்படி தள்ளிக்கொண்டு போகும். கெல்சோவில் நிற்காது.